பின்னால் எதையும் விட்டுப்போகாத குண்டு

சென்ற மாதம், கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலர் தர்மபுரத்தில் நான் இருக்கும் வீட்டுக்கு வந்து, கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். மேசையில் இரண்டு செப்புப் பட்டைகள், பக்கத்தில் மின்னைச் சேர்த்துவைத்து ஒரே அடியாக விடும் கொள்ளளவிகள், பட்டைகளுக்கு நடுவில் ஓர் அலுமினியத் துண்டு. ஆளியை அழுத்தியதும் துண்டு பாய்ந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் துளைத்தது. காணொளிக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். அதைப் பார்த்து, என் முன்னால் இருந்தவர்களும் தங்களுக்குத் தாங்களே ஒருமுறை கைதட்டிக்கொண்டார்கள்.

"சேர், இது உங்கட துறைதானே?" என்றாள் பவித்திரா. துணுக்காய் ஊர்ப் பிள்ளை, அவர்களுடைய ஆண்டு மலரின் ஆசிரியை.

"ஓம், அதுதான்."

"வன்னியில பிறந்த ஒருத்தர் வெளிநாட்டில இவ்வளவு பெரிய ஆராய்ச்சி செய்திருக்கிறார் எண்டால் எங்களுக்குப் பெருமை. உற்சாகமா ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ சேர்."

"எத்தனை பக்கம்?"

"எவ்வளவு எண்டாலும் எழுதுங்கோ. விளம்பரம் குறைவாத்தான் கிடைச்சிருக்கு."

குசினிக்குள்ளிருந்து என் தங்கச்சியின் குரல் வந்தது. "பிள்ளையள், உற்சாகமா எண்டு கேக்காதேங்கோ. அவர் பிறந்தநாள் வாழ்த்தையும் மரண அறிவித்தல் மாதிரித்தான் எழுதுவார்."

அவள் சொன்னது சரி. ஆகவே உற்சாகத்தை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சிக்கு ஒரு கால் இல்லை. இறுதிப் போரில் போனது. அந்தக் காலை, அவளைக் கேட்காமல், தூர தேசத்துக் கூட்டமொன்றில், நான் வடிவமைத்த துவக்குக்கு, ஒரு மின் துப்பாக்கிக்கு, ஆதரவாக நான் பயன்படுத்தினேன். இன்றுவரை அது அவளுக்குத் தெரியாது. நான் இருப்பது அவளுடைய வீட்டில், உண்பது அவள் சமைப்பதை. இந்தக் கட்டுரை பவித்திராவின் கைக்குப் போகுமுன் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்றால் இது அடுப்புக்குப் போகும். வீட்டை விட்டுப் போ என்றால் நானும் போவேன். இந்தப் பத்தியை எழுதும்போது அவள் முற்றத்தில் கச்சான், தோட்டத்து நிலக்கடலை, காயப்போட்டுக்கொண்டு, கோழிகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

படித்த கதையை நீட்டத் தேவையில்லை. புலமைப்பரிசில் ஒன்றில் வெளிநாடு போனேன். மின்சார ரயிலின் கூரையில் இருக்கும் தொடுகைப்பட்டை, மேலே ஓடும் கம்பியில் உரசி உரசி எப்படித் தேய்கிறது என்பதை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றேன். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள் மின்னைக் கைமாற்றும்போது ஒன்றையொன்று எப்படித் தின்கின்றன என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. ரயில்காரருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. துவக்குக்காரருக்குத் தேவைப்பட்டது.

எந்த நாடு, எந்த ஆய்வுகூடம் என்று எழுத மாட்டேன். எழுதுவதில்லை என்று கையொப்பம் வைத்திருக்கிறேன். நான் இங்கே சொல்லப்போகும் தொழில் விவரமெல்லாம் நூலகங்களில் கிடக்கிறது.

மின்காந்தத் துவக்கு என்பது மாணவர்கள் மேசையில் செய்ததன் பெரிய உருவந்தான். நீளமான இரண்டு செப்புத் தண்டவாளங்கள். அவற்றுக்கு நடுவில், இரண்டையும் தொட்டபடி, பின்பக்கம் இரண்டு கால் விரித்த கவடு போன்ற ஓர் அலுமினியத் துண்டு. அதன் முன்னால் குண்டு. மின் ஒரு தண்டவாளத்தில் ஏறி, கவட்டைக் கடந்து, மற்றத் தண்டவாளத்தில் திரும்பும். அப்போது பிறக்கும் காந்தவிசை கவட்டை முன்னால் தள்ளும். அதே விசை இரண்டு தண்டவாளங்களையும் விலக்கப் பார்க்கும். அவை விலகாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் கூடுதான் குழல். வெடிமருந்து இல்லை. குண்டும் வெறும் உலோகம். வேகம் ஒன்றே அதன் ஆயுதம்.

எங்கள் தலைவர் பெயர் ஹேல். உயரமானவர், மெலிந்தவர், யாரோடும் குரல் உயர்த்தாதவர். ஆய்வுகூடத்தில் சில சொற்களை அவர் தடைசெய்திருந்தார். "துவக்கு" என்று சொல்லக் கூடாது, "ஏவி" என்று சொல்ல வேண்டும். "இலக்கு" என்று சொல்லக் கூடாது, "சேருமிடம்". தேய்ந்து நாசமான குழலை "அனுபவம் பெற்ற குழல்" என்போம். புதிதாக வந்த ஒருவர் தேநீர் நேரத்தில் "இது பட்டால் ஆள் என்ன ஆவான்?" என்று கேட்டபோது, ஹேல் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அந்தக் கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. சொந்த ஊரில் ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று செய்தியில் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவனுக்கு, அப்படியான சொற்கள் இல்லாத ஓர் இடம் ஆறுதலாக இருந்தது.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஒரு சடங்கு உண்டு. சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் அசையக் கூடாது. அணைந்த பிறகும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கலாம். ஆகவே ஹேல் மட்டும், நீண்ட தடியின் நுனியில் நிலத்தொடுப்புக் கம்பி கட்டியதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொன்றாகத் தொட்டு அவற்றைச் சாகடிப்பார். அந்த வேலையை வேறு எவரிடமும் அவர் விட்டதில்லை. பிறகு நாங்கள் குழலின் ஆணிகளைக் கழற்றி, அதைப் பெட்டிபோலத் திறப்போம். யாரும் பேச மாட்டார்கள். அவர் வெள்ளைத் துணியை மதுசாரத்தில் நனைத்து, தண்டவாளத்தின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே இழுப்பில் துடைப்பார். துணியில் சாம்பல் நிறக் கறை படியும். உருகிய அலுமினியம் அது. அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மணந்தும் பார்ப்பார். எல்லாம் நன்றாக இருந்தால் "நல்லது" என்பார். மிக மோசமாக இருந்தால் "சுவாரசியம்" என்பார். அவர் சுவாரசியம் என்று சொன்ன நாட்களில் நாங்கள் வீட்டுக்குப் பிந்தித்தான் போனோம்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது தண்டவாளத்தில் விழுந்த குழிகள். கவடு ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், கடினமான செம்பில், மென்மையான அலுமினியம் நீர்த்துளி வடிவத்தில் குழி பறிக்கும். மென்மையானது கடினமானதைக் கிழிக்கும் அதிசயம் அந்த வேகத்தில் நடக்கும். ஒரு குழி விழுந்தால் அடுத்த சூட்டில் கவடு அதில் இடறும், இடறினால் தொடுகை அறுந்து மின்பொறி கிளம்பும், பொறி செம்பைக் கரைக்கும். சில சூடுகளில் குழல் அனுபவம் பெற்றுவிடும்.

கடினமான செப்புக் கலவை போட்டோம். ஓரங்களில் வெடித்தது. மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்தோம். பாம்புச் சட்டைபோல உரிந்தது. ஹேல் பல நாள் "சுவாரசியம்" என்றார். ஒரு நாள் இரண்டு தண்டவாளங்களையும் துடைத்த துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஒன்றில் கறை தடிப்பு, மற்றதில் மெலிவு. கவடு நேராக ஓடவில்லை. ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, தண்டவாளம் விரிகிற இடத்தில் ஒரு பக்கத்தைத் தொடாமலும் மறுபக்கத்தை அடித்துக்கொண்டும் ஓடுகிறது. கவட்டின் பின்கால்களைச் சற்று அகட்டி, மின் கூடக்கூட அவை இன்னும் இறுக்கமாகச் செம்பை அழுத்தும்படி வடிவத்தை மாற்றினேன். குழலின் பிடியையும் அந்த இடத்தில் தடிப்பாக்கினோம். அடுத்த சூட்டுக்குப் பிறகு ஹேல் துணியைப் பார்த்தார். "நல்லது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மிகவும் நல்லது" என்றார். அன்றைய சந்தோஷத்தை இன்றும் மறுக்க மாட்டேன்.

குழிகள் குறைந்தன. உடனே குழலின் வாயில், கவடு அங்கே வெளியேறும் இடத்தில், செம்பு கரையத் தொடங்கியது. அதைச் சரிசெய்தபோது தொடக்கத்தில், கவடு மெதுவாக நகரும் இடத்தில், உருகத் தொடங்கியது. இப்படியே வருடங்கள் போயின.

இதற்கிடையில்தான் ஊரில் போர் முடிந்தது. மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு நாள் முகாமிலிருந்து, யாருடையதோ தொலைபேசியில், தங்கச்சி பேசினாள். பின்னால் வரிசையில் நிற்பவர்களின் சத்தம் கேட்டது.

"அண்ணை, நான் இருக்கிறன். ஒரு கால்தான் இல்லை."

"நீ இருக்கிறாய்தானே பிள்ளை. அது காணும்."

அந்த நாட்களில் வன்னிக்கு வெளியே இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினோம். யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்போம். இல்லாதவர் எப்படி இல்லாமல் போனார் என்று கேட்க மாட்டோம். நேரமும் இருக்காது, நெஞ்சும் இருக்காது. அந்தப் பழக்கம் பிறகு மரியாதையாகிவிட்டது. இன்றைக்கும் இங்கே பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கை இல்லையென்றால், மழை எப்போது வரும் என்றுதான் கேட்போம். கையைப் பற்றிக் கேட்க மாட்டோம். எனவே அவளுடைய கால் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்காத இடத்தை நானாக நிரப்பிக்கொண்டேன். வெடிக்காமல் மண்ணில் கிடந்த குண்டையோ மிதிவெடியையோ மிதித்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அது எனக்கு நினைப்பாக இல்லை, தெரிந்த விஷயமாகிவிட்டது.

அதன் பிறகு, எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் குழு ஆய்வுகூடத்துக்கு வந்தது. குழல்கள் விரைவில் சாகின்றன என்று அவர்களுக்குத் தெரியும். திட்டத்தை மூடிவிடும் எண்ணத்தோடு வந்திருந்தார்கள். நான் குண்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நரைத்த முடியுள்ள ஓர் அம்மா, அதுவரை ஒன்றும் கேட்காதவர், கேட்டார்: "இது சுட்ட பிறகு அந்த நிலத்தில் எதை விட்டுப்போகும்?"

ஒன்றுமில்லை, இதில் வெடிமருந்து இல்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். தொழில் ரீதியில் அது போதுமான பதில். நான் நிறுத்தவில்லை. நான் வன்னியிலிருந்து வருகிறேன் என்றேன். போர் முடிந்த பிறகும் அங்கே மண்ணுக்குள் போர் கிடக்கிறது என்றேன். அது உண்மை. என் தங்கச்சி தண்ணீருக்குப் போனபோது, வெடிக்காமல் கிடந்த குண்டொன்றில் கால் வைத்தாள் என்றேன். குடத்துக்கு நிறம்கூடக் கொடுத்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் குடம். அது உருண்டு போனதையும் சொன்னேன். "எங்கள் குண்டு எந்தப் பெண்ணின் பாதையிலும் காத்துக் கிடக்காது. அது தன் வேலையை முடித்துக்கொண்டு உலோகமாகிவிடும்" என்று முடித்தேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டம் மூடப்படவில்லை.

அவர்கள் போன பிறகு ஹேல் என் அறைக்கு வந்து கதவில் நின்றார். "இத்தனை வருடத்தில் நீர் செய்த மிகச் சிறந்த வடிவமைப்பு அதுதான்" என்றார். அவர் பகிடி விடுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். முடியவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களிலும் "அந்தப் பகுதி" வேண்டும் என்றார்கள். நான் மறுத்தபோது, இளம் பொறியியலாளர்கள் அதைப் பேசினார்கள். திரையில் ஒரு காட்சி தயாரித்தார்கள்: செம்மண் பாதை, உருண்டு கிடக்கும் மஞ்சள் குடம், கீழே "எமது விஞ்ஞானி ஒருவரின் குடும்ப உறுப்பினர்" என்ற வரி. ஒரு பையன் என்னைவிட உருக்கமாகப் பேசுவான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒருமுறை கண் கலங்கியது. அவளுக்கு நான் ஒரு நல்ல பொய்க்கால்கூட வாங்கி அனுப்பியதில்லை என்பது அன்று மாலை பேருந்தில்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் திட்டத்தை மூடினார்கள். அதற்குக் காரணம் இரக்கமோ வெட்கமோ அல்ல, செம்புதான். எங்கள் துவக்கு தன் வாழ்நாளில் கொன்றது தன் குழல்களை மட்டுமே. ஓர் ஈ காக்காய்க்கும் அது தீங்கு செய்யவில்லை. என் உத்தியோகத்தில் நான் அடைந்த தோல்வியைப்போலத் தூய்மையான ஒன்றை வேறு எவரும் அடைந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பேன். ஓய்வூதியத்தோடு ஊருக்கு வந்தேன். தங்கச்சி அறையொன்றைக் கூட்டிக் கழுவி, ஒரு கதிரையும் அலுமாரியும் போட்டுத் தந்தாள். என்ன வேலை பார்த்தாய் என்று ஊரார் கேட்டால், "கரண்டுத் துவக்கு செய்தவர். வேலை செய்யேல்லையாம்" என்று அவளே பதில் சொல்லிவிடுவாள்.

இங்கே வரை எழுதிவிட்டு நேற்று மதியம் அவளிடம் போனேன். முற்றத்துப் பாயில் இருந்து, விதைக்கச்சான் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். நானும் நிலத்தில் அமர்ந்தேன். கேள்வி கேட்ட அம்மாவிலிருந்து திரையில் போட்ட குடம்வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் வேண்டாம் என்றால் கட்டுரை அடுப்புக்குப் போகும் என்றும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம்.

"குடமோ?" என்றாள் கடைசியில். "நான் எப்ப அண்ணை தண்ணிக்குப் போனனான்?"

"நான்தான் அப்பிடி நினைச்சனான்."

"மஞ்சள் குடம்." அவள் சிரித்தாள். "எனக்கு ஒரு மஞ்சள் குடமும் இருக்கேல்லை. அந்த நேரம் ஒரு குடம் வைச்சிருந்தவள் பணக்காரி."

"அப்ப கால்..."

"நான் ஒண்டையும் மிதிக்கேல்லை. தறப்பாளுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டு நிண்டனான். செல் எங்கையோ அங்கால, வெளியில விழுந்தது. எனக்குத் தெரியவும் தெரியாது. கால் மடிஞ்சு விழுந்திட்டன், பேந்துதான் சத்தம் கேட்டது."

"பீஸ் பட்டதோ?"

"ஓம். ஒரு விரல் அளவு இரும்பு. வெடிச்சது தூரத்தில. என்னட்டை வந்தது வெறும் இரும்புதான். அது வெடிக்கவும் இல்லை, ஒண்டுமில்லை. வந்த வேகத்துக்கு எலும்பு நிக்குமோ?"

அவள் சொன்னது என் தொழில். வெடிமருந்து இல்லாத உலோகம். சத்தத்தைவிட வேகமாக வருவதால் பட்டவருக்குக் கடைசியாகத்தான் சத்தம் கேட்கும். வேலையை முடித்துக்கொண்டு உலோகமாகக் கிடக்கும். அதைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் வடிவமைத்தேன். என் தங்கச்சியின் காலை என் பக்கச் சாட்சியாக அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அது எதிர்ப்பக்கத்துச் சாட்சி. ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. இஞ்சை ஆர் கேக்கினம்?" அவள் ஒரு சொத்தைக் கச்சானைக் கோழிக்கு எறிந்தாள். "உங்கட குண்டும் அப்பிடித்தானே? வெறும் இரும்பு?"

"ஓம். அப்பிடித்தான்."

"இன்னும் கொஞ்சம் வேகமோ?"

"கனக்க வேகம்."

அவள் கை கச்சானில் நின்றது. எழுந்து போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து நான் கையை நிலத்தில் ஊன்றினேன்.

"அந்தப் படத்தில என்ர பேர் இருந்ததோ?"

"இல்லை. குடும்ப உறுப்பினர் எண்டு போட்டவை."

"அப்ப பேரில்லாமல் வித்திருக்கிறியள்."

"ஓம்."

"அந்தக் கட்டுரையை அடுப்பில போடவேண்டாம். குடுங்கோ. ஆனா என்ர பேரைப் போடுங்கோ. முழுப் பேர். எந்தக் கால் எண்டும் போடுங்கோ. எப்பிடிப் போனது எண்டு நான் சொன்ன மாதிரிப் போடுங்கோ. உங்கட பாட்டுக்கு ஒரு குடமும் வைக்கவேண்டாம்."

"சரி."

"பாவம், அபலை எண்டு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ. கச்சான் செய்யிறன் எண்டு எழுதுங்கோ. விதைக்கச்சான் வேணுமெண்டால் வந்து வாங்கட்டும். அந்தப் பிள்ளையளுக்கு விளம்பரம் காணாதெண்டுதானே சொன்னவை?"

அவள் சொன்னபடி எழுதுகிறேன். நேசமலர் இராசையா. வலது கால், முழங்காலுக்குக் கீழே. தூரத்தில் விழுந்த எறிகணையின் விரலளவு இரும்புத் துண்டு பட்டுப் போனது. தர்மபுரத்தில் கச்சான் செய்கிறாள். எழுதிமுடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "வலது" என்ற இடத்தில் என்னை நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.